இரண்டு மேகஸின்கள்

மேகஸின் என்றதும் இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதழ்தான் நினைவுக்கு வருகிறது. கிடங்கு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த அதே சொல், துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் கூட்டையும் குறிக்கிறது. அந்தக் கூட்டில் எத்தனை தோட்டாக்கள் இருக்கலாம் என்பது அமெரிக்காவில் தீராத வழக்கு. 1994 முதல் 2004 வரை அங்கு நடப்பிலிருந்த மத்தியச் சட்டம், 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் புதிய கூடுகளைப் பொதுமக்களுக்குத் தடை செய்தது. துப்பாக்கியோடு இணைந்த .22 ரகக் குழாய்க் கூட்டுக்கு மட்டும் விலக்கு அளித்தது. ரிவால்வரில் கூடே இல்லை. சுழலும் உருளையில் பெரும்பாலும் 5 அல்லது 6 தோட்டாக்கள்தான். ஆகவே அந்தச் சட்டம் அதைத் தொடவில்லை.

நம் நாட்டுச் சட்டம் கூட்டிலுள்ள தோட்டாக்களை எண்ணுவதில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் மேகஸின் என்ற சொல் வருகிறது. ஆனால் வேறு வகையில்: விசையை அழுத்தியிருக்கும் வரையில், அல்லது மேகஸின் காலியாகும் வரையில் சுட்டுக்கொண்டே இருக்கும் துப்பாக்கி தடைசெய்யப்பட்ட ஆயுதம். அதற்குமேல் சட்டம் பார்ப்பது குழலின் விட்டத்தை. ராணுவம் பயன்படுத்திய .303 பொதுமக்களுக்குக் கிடையாது; .315 வேட்டைத் துப்பாக்கிக்கு உரிமம் உண்டு. 9 மி.மீ. பிஸ்டல் கூடாது; .32 ரிவால்வர் வைத்துக்கொள்ளலாம். பயிர்க் காவலுக்கான, வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஒருவர் 3 துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 2 ஆக்கியது. மயிலாப்பூர்க்காரரோ அடையாறுக்காரரோ, தமக்கு ஆயுதம் ஏன் தேவை என்பதை மாநகரக் காவல் ஆணையரிடம் முதலில் விளக்கியாக வேண்டும்.

'எத்தனை' என்பதைவிட 'யார்' என்பதையே முதன்மையாகக் கேட்கும் இந்தப் போக்கு 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்திலிருந்து வந்தது. லிட்டன் காலத்து அந்தச் சட்டத்தின் விதிகள் ஐரோப்பியருக்கு விலக்கு அளித்து, இந்தியரை உரிமம் கேட்டு நிற்கவைத்தன. அந்த அவமானத்தின் நினைவில்தான் 1931ஆம் ஆண்டின் கராச்சி காங்கிரஸ், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதையும் குடிமக்களின் உரிமைகளில் ஒன்றாக அறிவித்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை மீண்டும் கோரினார், சபை ஏற்கவில்லை.

1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரை ரிவால்வரால் சுட்டார். பிறகு தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தனர். கழுத்தில் கட்டுடன் இருந்த எம்.ஜி.ஆரின் படம் தேர்தல் சுவரொட்டியானது. மருத்துவமனையில் இருந்தபடியே அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. ஆனால் அவருடைய குரல் பழையபடி திரும்பவில்லை. தியாகராய நகரிலுள்ள அவரது நினைவு இல்லத்துக்குச் செல்லும்போது நாம் நினைத்துக்கொள்வது அந்தக் குரலைத்தான். 10 தோட்டா என்ற எந்த எல்லையும் அன்று அதைக் காப்பாற்றியிருக்காது.

கூட்டங்களில் நிகழும் படுகொலைகளுக்குக் கூட்டின் அளவு பொருட்படுத்தத்தக்கதே. ஆயினும் அந்தக் கணக்கு, துப்பாக்கி கைக்கு வந்த பிறகே தொடங்குகிறது. நம் சட்டம் அதற்கு முந்தைய படியில் நின்று கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் நம்மை நம்பாத அந்நியன். விடுதலைக்குப் பிறகும் நாம் அதைக் கைவிடவில்லை. அது அவமானமாகவே வந்து நமக்குக் காவலாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள நமக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.