தாராவித் தோல் தொட்டியும் மூன்று மூலக்கூறுகளும்

உயிர்வேதியியல் பாடநூல்கள் கார்போஹைட்ரேட், கொழுப்பு, புரதம் ஆகிய மூன்றையும் உணவைக் கொண்டு அறிமுகப்படுத்துவது வழக்கம். அரிசி, எண்ணெய், பருப்பு என்று எடுத்துக்காட்டுகள் வரும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்த இன்னொரு பொருள் விலங்கின் தோல். அவற்றுள் வேண்டாதவற்றை நீக்கி, வேண்டிய ஒன்றை மட்டும் நிலைநிறுத்தும் தொழில் மும்பையின் தாராவியில் பல தலைமுறைகளாகத் தமிழர் கைகளில் இருந்தது. அந்தக் கைகளின் அறிவு, அறிவியல் வரலாற்றில் அரிதாகவே பேசப்படுகிறது.

மாகிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவி, முன்பு கோலி மீனவர்களின் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாய் நகரம் விரிந்தபோது, நாற்றமும் கழிவும் மிகுந்த தொழில்கள் நகரின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. பாந்திரா இறைச்சிக்கூடம் அருகில் இருந்ததால் பச்சைத்தோல் எளிதில் கிடைத்தது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் அங்குத் தோல் பதனிடும் கூடங்களை அமைத்தனர். அதே பகுதியிலிருந்து குடிபெயர்ந்த ஆதிதிராவிடர் பலர் அவற்றில் உழைத்தனர்.

பச்சைத்தோல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும் என்பதால் முதலில் உப்பிடுவர். உப்பு நீரை வெளியேற்றுவதால் பாக்டீரியாக்கள் பெருக இயலாது. பிறகு நீரில் ஊறவைத்துச் சுண்ணாம்புத் தொட்டியில் இடுவர். அங்கே மூவகை மூலக்கூறுகளும் மூன்று வழியாகப் பிரிகின்றன. கொழுப்பின் ஒரு பகுதி காரத்துடன் வினைபுரிந்து சோப்பாக மாறுகிறது. இழைகளுக்கு இடையே நீரைப் பிடித்து வைத்திருக்கும் ஹயலுரோனிக் அமிலம் போன்ற நீள்சங்கிலிக் கார்போஹைட்ரேட்டுகள் கரைந்து வெளியேறுகின்றன. சுண்ணாம்போடு சேர்க்கப்படும் சோடியம் சல்பைடு, மயிரிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை உடைக்க, மயிர் உதிர்கிறது. எஞ்சி நிற்பது கொலாஜன். தோல் தொழில் முழுவதும் இந்த ஒரு புரதத்தைக் காப்பதற்காகவே நடக்கிறது.

இம்மூன்றையும் ஐரோப்பிய ஆய்வகங்கள் வேறுபடுத்தி அறிந்ததும் படிப்படியாகத்தான். 1820-இல் பிரெஞ்சு வேதியியலாளர் அன்றி பிராக்கொன்னோ, கொலாஜனைக் காய்ச்சினால் கிடைக்கும் ஜெலட்டினை அமிலத்தில் கொதிக்க வைத்து, இனிப்பான படிகம் ஒன்றைப் பெற்றார். இனிப்பை வைத்து அதைச் சர்க்கரை என்றே கருதினார். எளிய சர்க்கரைகளில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே உண்டு. அந்தப் படிகத்திலோ நைட்ரஜனும் இருந்தது. அதுவே இன்று கிளைசின் எனப்படும் அமினோ அமிலம். 1823-இல் செவ்ரல் கொழுப்புகளின் அமைப்பை விளக்கும் நூலை வெளியிட்டார். ‘புரோட்டீன்’ என்ற சொல் 1838-இல் முல்டரின் எழுத்தில் அச்சேறியது. அமினோ அமிலங்கள் பெப்டைடுப் பிணைப்பால் கோக்கப்பட்டவையே புரதங்கள் என்பதை 1902-இல் ஃபிஷரும் ஹோஃப்மைஸ்டரும் முன்வைத்தனர். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே சுண்ணாம்புத் தொட்டிகள் தம் வேலையைச் செய்துவந்தன.

தூய்மையான கொலாஜனும் ஈரத்தில் அழுகும். சுமார் 60 பாகை செல்சியசில் சுருங்கும். அதைத் தடுப்பதே பதனிடுதல். தமிழ்நாட்டுத் தோல் தொழிலில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் நெடுநாள் பயன்பட்டன. அவற்றிலுள்ள டானின்கள் கொலாஜன் இழைகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் இணைந்து அவற்றை நிலைப்படுத்துகின்றன. குரோமிய உப்புகளோ அமினோ அமிலங்களின் கார்பாக்சில் தொகுதிகளைக் குறுக்காக இணைத்து, கொதிநீரையும் தாங்கும் தோலைத் தருகின்றன. சென்னையில் குரோமியப் பதனிடுதலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோதித்துப் பரப்பியவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன்.

தோலை மென்மையாக்க நாய், புறா ஆகியவற்றின் எச்சத்தைப் பயன்படுத்தும் முறை உலகெங்கும் இருந்தது. அதில் வேலை செய்பவை புரதத்தைச் செரிக்கும் நொதிகள் என்பதை உணர்ந்த ஜெர்மானியர் ஓட்டோ ரோம், 1907-இல் கணைய நொதியைக் கொண்டு மாற்று ஒன்றை உருவாக்கினார். அது நொதித் தொழிலின் முன்னோடிக் காப்புரிமைகளுள் ஒன்றாயிற்று. பெயரற்ற தொழிலாளர்கள் கையால் கண்ட உண்மை, ஆய்வகத்தில் பெயர் பெற்றபோது சொத்தாகவும் மாறியது.

கொலாஜனின் வடிவத்தைக் கண்டதும் தமிழ்நாட்டில்தான். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற ஜி. என். இராமச்சந்திரன், ஜே. டி. பெர்னாலுடன் உரையாடிய பின் கொலாஜனை ஆராயத் தொடங்கினார். ஆய்வுக்கான மாதிரி, 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தது. அது கங்காரு வாலின் தசைநாண். கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து 1954-இல் ‘நேச்சர்’ இதழில் மூன்று சங்கிலிகள் கொண்ட அமைப்பை வெளியிட்டார். 1955-இல் அதனைத் திருத்தி முச்சுருளாக்கினார். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் நிற்கிறது. பக்கத்தொகுதியாக ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு கொண்ட அந்தச் சிறிய அமினோ அமிலம்தான் முச்சுருளின் மையத்தில் அடங்கும். பிராக்கொன்னோ சர்க்கரையென மயங்கிய அதே பொருள்.

அந்த முச்சுருளை ஆராய்வது பெருமைக்குரிய அறிவுப்பணி. அதே மூலக்கூறைத் தொட்டியில் காலால் மிதித்துப் பதப்படுத்துவது தீட்டு. கொழுப்பும் காரமும் சேர்ந்தால் சோப்பாகும் என்பது, தாராவிக்கு அடுத்துள்ள மாட்டுங்காவில் இயங்கும் வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் பட்டத்துக்குரிய பாடம். 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத் துறையாகத் தொடங்கிய அதன் முதல் இந்திய இயக்குநர், சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன். இரண்டு இடங்களிலும் வேதிவினை ஒன்றே. ஓரிடத்தில் அது கல்வித்தகுதியாகவும், மற்றோரிடத்தில் சாதி அடையாளமாகவும் எண்ணப்பட்டது.

இறைச்சிக்கூடம் 1971-இல் செம்பூரை அடுத்த தேவனாருக்கு மாறியது. பின்னர், மாசு காரணமாகப் பதனிடும் கூடங்களும் தாராவியை விட்டு வெளியேற நேர்ந்தது. அந்தக் காரணம் பொய்யன்று. சுண்ணாம்பும் சல்பைடும் குரோமியமும் முதலில் தாக்கியது தொட்டியில் இறங்கியவர்களின் உடலைத்தான். இன்று அங்கே பெரும்பாலும் நடப்பது, பிற ஊர்களில் பதனிடப்பட்ட தோலைப் பைகளாகவும் இடைவாராகவும் தைக்கும் வேலை.

ஆகவே தோல் தொழிலின் வரலாற்றைப் புகழ்ச்சியாக மட்டும் எழுத இயலாது. தீட்டின் கதையாக மட்டும் எழுதுவதும் பிழை. எவ்வளவு நேரம் ஊறினால் மயிர் கழலும், எப்போது எடுத்தால் இழை கெடாது என்பதை விரல் நுனியால் அளந்தவர்கள், புரதத்தைப் பெயர் அறியாமலே கற்றவர்கள். தொட்டிகள் மறைந்த தாராவியில் அந்த நினைவைச் சுமப்போர் ஆண்டுதோறும் குறைகின்றனர். அவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்வதும் உயிர்வேதியியல் வரலாற்றின் வேலையே.