மேடைப்பேச்சு பிறவித் திறமையா? யாழ்ப்பாணத்திலிருந்து கல்வராயன் மலை வரை

"வேலை நல்லா தெரியும். ஆனா மீட்டிங்ல எழுந்து பேசுன்னு சொன்னா நாக்கு ஒட்டிக்குது." ஐடி, வங்கி, அரசு அலுவலகம்னு எங்க வேலை பார்க்கிறவங்களும் சொல்ற விஷயம் இது. கூடவே ஒரு வரி வரும்: "பேச்செல்லாம் பிறவியிலேயே வரணுங்க." அது உண்மையான்னு வரலாற்றுல தேடிப் பார்ப்போம்.

பழைய காலத்துல நம்ம கோயில்கள்ல நடந்தது புராண படனம். ஒருத்தர் பாட்டை வாசிப்பார், இன்னொருத்தர் பொருள் சொல்லுவார். மையத்துல இருந்தது நூல்தான், பேசுறவர் இல்ல. ஒரு தலைப்பை எடுத்து, எதிரே இருக்கிற ஜனங்களைப் பார்த்து, உரைநடையில வாதம் செய்யும் பழக்கம் கிறிஸ்தவப் பிரசங்கிகளிடம் இருந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அதைப் பக்கத்துல இருந்து பார்த்தவர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோட பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர் அவர்.

1847 டிசம்பர் 31. வண்ணார்பண்ணை சிவன் கோயில்ல நாவலர் தன் முதல் பிரசங்கத்தைச் செய்தார். அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம். நண்பர் கார்த்திகேச ஐயரும் அவரும் அந்த வேலையைப் பங்கு போட்டுக்கிட்டாங்க. கொல்லாமை, குடி, தானம்னு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விஷயம். எங்க பாஷையில சொன்னா, வாரா வாரம் டெமோ! 'நாவலர்' பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்தது 1849-ல்தான். முதல்ல பழக்கம், அப்புறம்தான் பட்டம்.

அடுத்தவர் நம்ம பக்கத்துக்காரர். இன்னைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துல இருக்கிற திருக்கோவிலூரின் பழைய பெயர் திருக்கோவலூர். அந்தப் பெயரைத் தாங்கிய ஆதீனத்தின் ஐந்தாம் பட்டம் ஞானியார் அடிகள் (1873–1942). மடம் திருப்பாதிரிப்புலியூர்ல. பதின்ம வயதிலேயே பட்டத்துக்கு வந்தவர், சொற்பொழிவால் ஊர் ஊராகத் தமிழையும் சைவத்தையும் கொண்டுபோனார். மடத்துக்குள்ள புலவர்கள் மட்டும் பேசிக்கிட்ட விஷயம் ஊர்ப் பொதுவுக்கு வந்தது. நிபுணர் ஒருத்தர், நிபுணர் இல்லாதவங்களுக்குப் புரியிற மாதிரி பேசுறது. பிரசன்டேஷன்ல நாம தினமும் தடுமாறுகிற இடமும் இதுதானே?

அரசியல் மேடையில இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையா வந்தது. 1907-ல் விபின் சந்திர பால் சென்னைக் கடற்கரையில பேசினது ஆங்கிலத்துல. படிச்சவங்களுக்குப் புரிஞ்சது. அடுத்த வருஷமே தூத்துக்குடியில வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தமிழ்ல பேசினாங்க. கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தாங்க. இரண்டு பேருக்கும் ராஜதுரோக வழக்குல கடும் தண்டனை கிடைச்சது. கேட்கிறவன் மொழியில பேசினா என்ன ஆகும்னு ஆங்கில அரசுக்கு நல்லாவே புரிஞ்சிருந்தது.

1918-ல் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினப்போ, தலைவர் பி.பி.வாடியா ஆங்கிலத்துல பேசுறவர். அந்தத் தொழிலாளர்கள்கிட்ட தமிழ்ல பேசி நெருங்கினவர் திரு.வி.க. புலமைத் தமிழை மேடைக்கு ஏற்ற ஓசையோட, எல்லாரும் கேட்கிற மாதிரி ஆக்கினதுல அவர் பங்கு பெரிசு. அவருக்கு அப்புறம் வந்த அண்ணாவோட கதை உங்களுக்கே தெரியும்.

ஆனா மேடை எல்லாருக்கும் ஒரே நேரத்துல கிடைக்கல. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. மலையாளிப் பழங்குடிகள் வாழ்கிற அந்த மலைக் கிராமங்கள், நாடு சுதந்திரம் அடைஞ்ச பிறகும் ஜாகீர்தார்கள் கையிலதான் இருந்தன. அரசு அவற்றை எடுத்துக்கிட்டது 1976-ல். கீழே சமவெளியில அண்ணா பேசி ஆட்சியே மாறி, 9 வருஷம் கழிச்சு!

இன்னைக்கு அங்கேயும் கிராமசபை நடக்குது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உட்பட வருஷத்துக்கு ஆறு தடவை. ரோடு வேணும், பஸ் வேணும்னு ஒரு அம்மா அதிகாரி முன்னாடி எழுந்து நின்னு கேட்டா, அதுவும் பிரசன்டேஷன்தான். அங்க ஸ்லைடு கிடையாது. "எங்க ஊர்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு இத்தனை கிலோமீட்டர், மழை பெய்தா வண்டி வராது, இந்த இடத்துல ஒரு பாலம் போடுங்க"ன்னு சொல்லணும். நிலைமை, விளைவு, கோரிக்கை. மூணும் தெளிவா இருந்தா தீர்மானத்துல எழுதச் சொல்லலாம். தயங்கி உட்கார்ந்துட்டா, பாலம் பத்தி அந்த நோட்டுல ஒரு வரியும் இருக்காது.

அலுவலகத்துலயும் இதே கணக்குதான். ராத்திரி முழிச்சு கோட் எழுதினவர் ஒருத்தர், அதை நாலு பேர் முன்னாடி விளக்கினவர் இன்னொருத்தர்னா, மேனேஜர் மனசுல நிக்கிறது இரண்டாவது பெயர். முக்கியமா, தமிழ் மீடியத்துல படிச்சு வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இதுல நிறைய இழக்கிறாங்க. அவங்களுக்கு அறிவு குறைவுன்னு யாரும் நினைக்காதீங்க. பேசிப் பழக ஒரு இடம் கிடைக்கல, அவ்வளவுதான்.

அதனால நாவலர்கிட்ட இருந்து ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குவோம். ஒரு கிழமையைக் குறிச்சுக்கோங்க. டீமுக்குள்ள மூணு நாலு பேர் சேருங்க. வாரம் ஒருத்தர், ஒரு தலைப்பு, பத்து நிமிஷம். முதல்ல தமிழ்லயே பேசுங்க. விஷயம் கோர்வையா வந்த பிறகு, அதையே ஆங்கிலத்துல சொல்லிப் பாருங்க. பயமும் மொழியும் ஒரே நேரத்துல மேல விழாம இருக்கும்.

உங்க முதல் தலைப்பு என்னன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.