ஐ.பி. முகவரியும் ஒரு -1 குழப்பமும்

பி.காம். படிப்பவனுக்கு சி மொழி எதற்கு என்று கேட்காதீர்கள். இதிலும் ஒரு கணக்குப் பாடம் இருக்கிறது.

எங்கள் காஞ்சிபுரத்தில் வரைபடத்தாளில் போடும் டிசைன், ஜக்கார்டு அட்டையில் துளை உண்டு, துளை இல்லை என்று மாறும். தறிக்குப் புரிவது அதுதான். கணினியும் அப்படியே. நாம் 192.168.1.10 என்று எழுதும் முகவரி, அதற்கு வெறும் 0, 1 வரிசை. ஒவ்வொரு எண்ணுக்கும் 8 பிட், மொத்தம் 32.

இப்படி மாற்றித் தர, 1983-ல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் 'ஐநெட்_ஆடர்' என்ற ஃபங்ஷன் வந்தது. தவறான முகவரி கொடுத்தால் -1 என்று சொல்லும். சிக்கலே அங்கேதான்! 32 பிட்டில் -1 என்றால் எல்லாமே 1. 255.255.255.255 என்ற முகவரியும் அதேதான். அது உள்வலையில் எல்லோருக்கும் சேர்த்து அனுப்புவதற்கான, முற்றிலும் சரியான முகவரி. வந்தது முகவரியா, பிழையா? புரோகிராமுக்குத் தெரியாது.

பேரேட்டில் 'இருப்பு 0' என்பதும் 'பதியவே இல்லை' என்பதும் ஒன்றா? இரண்டுக்கும் ஒரே குறி போட்டால் ஆடிட்டர் விடுவாரா?

பின்னால் வந்த 'ஐநெட்_ஏடான்' முகவரியைத் தனி இடத்தில் எழுதிவிட்டு, சரியா தவறா என்பதைத் தனியாகச் சொன்னது. ஐபிவி6-க்காக 1997-ல் முன்வைக்கப்பட்ட 'ஐநெட்_பிடான்' அதே வழியில் 128 பிட் முகவரிகளையும் மாற்றியது.

பழைய ஃபங்ஷன் இன்றும் சி நூலகங்களில் இருக்கிறது. புதிதாக எழுதுபவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. விடைக்கு ஒரு கட்டம், பிழைக்கு வேறு கட்டம். கணக்குப் புத்தகத்துக்கும் இதே விதிதான், இல்லையா?