ஆண் கொசுவும் ஆலங்குளத்து டிரம்மும்

கொசுவின் உடல் அளவைத் தீர்மானிப்பது மரபணுவா, வளர்ந்த தண்ணீரா? இரண்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரே தாய்க்குப் பிறந்த கொசுக்களில்கூட ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருப்பது பெரும்பாலும் தண்ணீரால்தான். குழாயில் தண்ணீர் வராத நாளுக்கென்று ஆலங்குளத்து வீட்டில் பிடித்து வைத்த டிரம்மில் புழுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இரைக்குத் திண்டாடினால் கொசு சிறுத்துப் பிறக்கும். பாதிப் புழுவை மட்டும் அழித்தால் மிச்சத்துக்கு இரை கூடும், உடலும் பெருக்கும். பெரிய பெண் கொசு முட்டையும் அதிகம் இடும்; ஆனால் அவை பொரிப்பது ஆணையும் பொறுத்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பெண் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே ஒரு ஆணோடுதான் இணையும். அந்த ஆண் மலடாக இருந்தால் அவளுடைய முட்டைகள் பொரிக்காது. மலட்டு ஆணை வளர்த்து வெளியே விடும் யோசனை இந்த ஒற்றை இணைசேர்க்கையை நம்பியிருக்கிறது.

யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவை அடக்க, பர்மாவில் ரங்கூனுக்கு அருகே ஓக்போ கிராமத்தில் ஆய்வாளர் ஹன்னஸ் லாவன், இணைந்தாலும் பெண்ணின் முட்டை பொரிக்காத, இணை பொருந்தாத ஆண் கொசுக்களை விட்டார். அதன் வெற்றி 1967-இல் வெளிவந்தது. அந்த நம்பிக்கையில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்கப் பணத்தில் 1969-இல் டெல்லியில் ஒரு மரபியல் பிரிவைத் தொடங்கின. சுற்றுக் கிராமங்களில் மலட்டு ஆண்களை விட்டும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஏற்கெனவே இணைசேர்ந்த பெண்கள் அக்கம்பக்கத்திலிருந்து பறந்து வந்தன. சோனிப்பட்டில் ஏடிஸ் கொசுவை விடும் திட்டம், உயிரியல் போர் ஆராய்ச்சியோ என்ற சந்தேகம் பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் எழுந்ததால் நின்றது. 1975-இல் பிரிவே மூடப்பட்டது.

மக்களின் பயம்தான் நல்ல அறிவியலைக் கெடுத்தது என்பார்கள். அது பாதி உண்மைதான். கொசு ஆய்வக வளாகச் சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வருகிறது. யார் பணம், எதற்கு என்று கேட்க வீட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு. பதில் முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்க வேண்டும். புதுச்சேரியின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 2022-இல், டெங்கு பரவலைத் தடுக்கும் வோல்பாகியா நுண்ணுயிர் ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கிவிட்டதே, டிரம்மைப் பற்றிய கவலை எதற்கு என்றும் கேட்கலாம். ஆய்வகக் கொசு எதுவானாலும் ஊர்க்கொசுவோடு கலந்துதான் பயன்தர வேண்டும். ஊர்க்கொசு எத்தனை என்பதை டிரம்தான் தீர்மானிக்கிறது. 2012-இல் கடையநல்லூர் டெங்குவில் தவித்ததை ஆலங்குளம் பகுதி மறந்திருக்காது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நார் போட்டுத் தேய்த்தால்தான் போகும். அப்படித் தேய்க்கிற கை ஊர்க்கொசுவைக் குறைக்கிறது. ஊர்க்கொசு குறைந்தால்தான் போட்டி குறைந்து ஆய்வகத்து ஆணுக்கும் பெண் கிடைக்கும்.