அன்னையின் ஆர்கனும் சுனிலின் ஒலிப்பதிவும்: புதுச்சேரியில் ஓர் இசை அஞ்சலியின் வரலாறு

மூத்த வித்வானுக்கு இளையவர் செய்யும் மரியாதை நம் சங்கீத உலகில் நெடுங்காலமாகப் பாடாந்தர வழியிலேயே நடந்துவந்திருக்கிறது. குருநாதர் பாடிய கீர்த்தனத்தை அவர் பாடிய போக்கிலேயே சபையில் பாடுவதும், அவர் மறைந்த திதியில் ஆராதனை நடத்திச் சீடர்கள் கூடி இசைப்பதும் செவியாலும் குரலாலும் காக்கப்பட்ட சம்பிரதாயங்கள். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டு இசைத்தட்டில் பதிவானது முதல், மறைந்தவரின் இசையை அவர் மறைந்த பின்பும் கேட்கலாம் என்ற புதுநிலை இந்தியாவில் ஏற்பட்டது. அந்த நிலையில் முன்னோருக்குச் செய்யும் அஞ்சலியின் ரூபமும் மாறவேண்டியதாயிற்று. அம்மாறுதலின் ஒரு தெளிவான திருஷ்டாந்தம், புதுச்சேரி ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தில் அன்னை மீரா அல்ஃபாஸா வாசித்த ஆர்கன் இசையை ஆதாரமாகக் கொண்டு, 1965ஆம் ஆண்டு முதல் சுனில் பட்டாசார்யா ஒலிநாடாவில் உருவாக்கிய புத்தாண்டு இசையாகும். அது எவ்வழியில் வளர்ந்தது என்பதையும், அதன் தனிச்சிறப்பு எதில் அடங்கியுள்ளது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரெஞ்சு தேசத்து மரபு

கட்டைகளை அழுத்தி வாசிக்கும் வாத்தியக்காரர் ஒருவர், தமக்கு முந்திய வாத்தியக்காரரை ஓர் இசைப்படைப்பினால் நினைவுகூர்வது பிரெஞ்சு தேசத்தில் பதினேழாம் நூற்றாண்டிலேயே வேரூன்றிய வழக்கம். 1652இல் பாரிஸில் மறைந்த லூட் வித்வான் பிளான்ரோஷேயின் நினைவாக, லூயி கூப்பெரானும் ஃப்ரோபெர்கரும் ஹார்ப்சிகார்டுக்கு இரங்கல் இசை எழுதினார்கள். இந்த வழக்கம் அறவே மறைந்துவிடாமல், 1905இல் தெபுஸ்ஸி பழைய மேதை ராமோவுக்குப் பியானோவில் வணக்கம் செலுத்தியபோதும், முதல் உலகப் போரின் நடுவே ராவெல், போரில் மாண்ட தம் நண்பர்களுக்குத் தனித்தனிப் பகுதிகளைச் சமர்ப்பித்து, கூப்பெரான் காலத்து நடன வடிவங்களில் ஓர் இசைத்தொகுதி இயற்றியபோதும் மீண்டும் தழைத்தது. அதை 1919இல் மார்கரித் லோங் முதன்முதலில் பியானோவில் வாசித்தார். இவையெல்லாம் காகிதத்தில் எழுதப்பட்ட அஞ்சலிகள். முன்னோரின் கைவிரல் எழுப்பிய நாதம் எதிலும் பதிவாகியிருக்கவில்லை. 1913ஆம் ஆண்டை ஒட்டி தெபுஸ்ஸி தம் படைப்புகளைத் துளையிட்ட காகிதச் சுருளில் பதிவுசெய்து, தாமில்லாத இடத்திலும் தம் வாசிப்பு ஒலிக்கும்படி செய்தது, அடுத்த கட்டத்தின் தொடக்கம் எனலாம்.

கட்டை வாத்தியத்துக்கு எழுந்த எதிர்ப்பு

1842இல் அலெக்ஸாந்தர் தெபேன் பாரிஸில் உரிமை பெற்ற ஹார்மோனியம், இந்தியாவுக்கு வந்து, பாதிரிமார்களின் தேவாலயங்களிலும் கல்கத்தா வணிகர்களின் கடைகளிலும் புகுந்து, சிறிது காலத்தில் நாடக மேடைக்கும் பஜனை மடத்துக்கும் உரிய வாத்தியமாகிவிட்டது. ஆனால் சங்கீத ரசிகர் பலருக்கு அது சம்மதமாக இருக்கவில்லை. பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களையும் அசையாத பெட்டிக்குள் அடைத்துவிட்ட வாத்தியம், ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தை எப்படி வெளியிடும் என்பதே அவர்களுடைய ஆட்சேபம். புதுச்சேரியில் 1908 முதல் பத்தாண்டுகள் வாழ்ந்த பாரதியார், தம் சங்கீதக் கட்டுரையில் ஹார்மோனியத்தைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். 1940இல் அகில இந்திய வானொலி அதனை நிலையங்களிலிருந்து விலக்கிவைத்ததும், 1971இல்தான் அந்தத் தடையைத் தளர்த்தியதும் இந்த அபிப்பிராயம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்குச் சான்றுகள். ஆகவே, கட்டைகளைக் கொண்ட ஒரு வாத்தியத்தைப் புதுச்சேரியில் ஆன்ம சாதனைக்குரிய இசைக்கருவியாக வைத்து வாசித்த செயல், சூழ்நிலையின் ருசிக்கு எதிராக நின்ற ஒரு செயலே ஆகும்.

அன்னையின் வாசிப்பு

1878 பிப்ரவரி 21ஆம் தேதி பாரிஸில் பிறந்த அன்னை, இளமையில் சித்திரக்கலையோடு பியானோவும் பயின்றவர். பெல்ஜிய வயலின் மேதை யூஜீன் இசாயி பெத்தோவனின் கான்செர்ட்டோவை வாசிக்கக் கேட்ட அனுபவத்தை, ஆசிரமப் பள்ளிப் பிள்ளைகளிடம் பிற்காலத்தில் அவர் எடுத்துரைத்திருக்கிறார். 1914 மார்ச் 29இல் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தரை முதன்முறை சந்தித்து, 1920 ஏப்ரலில் நிரந்தரமாக வந்துசேர்ந்து, 1926இல் ஆசிரமப் பொறுப்பை ஏற்ற அவர், எழுதிவைத்த ஸ்வரக்குறிப்பைப் பார்த்து வாசிப்பதை விட்டு, அந்தந்த நேரத்தில் உள்ளே எழுவதை அப்படியே விரல்வழி வெளியிடும் முறையைக் கைக்கொண்டார். புத்தாண்டு பிறக்கும் தருணத்தில் அவருடைய செய்தி வாசிக்கப்படுவதும், அவர் ஆர்கன் வாசிப்பதும் ஆசிரமத்தில் ஒரு நியமமாகவே அமைந்தன.

இங்கே வாத்தியத்தின் இயல்பைச் சற்று அருகே நின்று பார்க்கவேண்டும். பியானோவில் கட்டையைத் தட்டிய மறுகணமே நாதம் தேயத் தொடங்கிவிடும்; எவ்வளவு நேரம் விரலை எடுக்காதிருந்தாலும் அதை வளர்க்க முடியாது. ஆர்கனிலோ, விரல் கட்டைமேல் இருக்கும்வரை ஸ்வரம் குறையாமல் நிற்கும். அந்த நிலையான நாதத்தின்மேல் மற்றொரு விரல் வேறு ஸ்வரத்தை மெதுவாகச் சேர்க்கலாம். தம்பூராவின் ஆதார சுருதியைக் கேட்டுப் பழகிய இந்தியச் செவிக்கு, இந்த நிலைத்த நாதம் அந்நியமாகத் தோன்றாது. கமகத்தைக் கைவிட்டாலும், நாதத்தின் நிலைபேற்றை ஆதாரமாகக் கொண்டதனாலேயே அன்னையின் வாசிப்பு மேற்கத்திய, இந்திய ஆகிய இருவகைக் கேள்வி மரபினருக்கும் பொதுவானதாயிற்று என்பது என் கருத்து.

சுனிலின் பணி

1920இல் பிறந்த சுனில் பட்டாசார்யா, சிறுவயதில் சிதார் பழகியவர். ஆசிரமப் பள்ளியில் ஆசிரியர். பள்ளி ஆண்டுவிழா நாடகங்களுக்கும் நடன நிகழ்ச்சிகளுக்கும் அவர் அமைத்த இசையைக் கேட்டு மதித்த அன்னை, வாசிப்பதை நிறுத்திய பின் புத்தாண்டு இசையை அவரிடமே ஒப்படைத்தார். 1965இல் தொடங்கிய அப்பணியில் அவர் முதலில் அன்னையின் ஆர்கன் வாசிப்பில் கேட்ட இசைக்கருக்களையே எடுத்துக்கொண்டார். தந்தியை இழுத்து ஸ்வரத்தை வளைக்கும் சிதார்க்காரரின் கை, வளையாத கட்டைகளில் பிறந்த இசையை ஏற்று வளர்த்தது என்பதே இவ்வரலாற்றின் மையமான உண்மை.

அவர் கையாண்ட சாதனம் ஒலிநாடா. மின் ஆர்கன், தந்தி வாத்தியங்கள், தாள வாத்தியம், ஆசிரமவாசிகளின் கூட்டுக் குரல், பிற்காலத்தில் சிந்தசைசர் ஆகியவற்றைச் சேர்த்து இசையைப் பதிவுசெய்வதில், மேடைக் கச்சேரிக்குக் கிட்டாத ஒரு சௌகரியம் இருந்தது: ஒரு வாத்தியத்தின் குறையை இன்னொன்று நிரப்பும். கட்டையினால் ஆகாத வளைவைக் குரலும் தந்தியும் தர, குரலால் நெடுநேரம் தாங்கமுடியாத ஆதாரத்தை ஆர்கன் தாங்கிற்று. 1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் தொடக்கவிழாவுக்கும் இசையமைத்த அவர், 1973 நவம்பர் 17இல் அன்னை மறைந்த பின்னரும் ஆண்டுதோறும் புத்தாண்டு இசையை விடாமல் தொடர்ந்தார். ஸ்ரீ அரவிந்தரின் சாவித்திரி காவியப் பகுதிகளை அன்னை வாசித்த ஒலிப்பதிவுகளோடு அவர் இசையும் சேர்ந்தது. முதற்கட்டத்தில் முன்னோரின் இசைக்கருவை எடுத்துக்கொண்டவர், இக்கட்டத்தில் முன்னோரின் குரலுக்கே பக்கவாத்தியமாக நின்றார். 1998 ஏப்ரலில் அவர் காலமாகும்வரை இப்பணி நீடித்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று படிகள் புலனாகின்றன. எழுத்தினால் மாத்திரம் முன்னோரை நினைவுகூர்ந்தது பழைய பிரெஞ்சு வழக்கம். வாசித்தவரின் கைத்திறனையே சேமித்துவைத்தது பதிவுக் கருவி. சேமித்ததை வித்தாகக் கொண்டு புதிய சிருஷ்டிக்கு வழிகண்டது சுனிலின் முறை. மூத்தவரின் வாசிப்பை அச்சுப்பிசகாமல் திருப்பி வாசிப்பதும் அஞ்சலிதான். ஆயினும் அவர் விட்ட இடத்திலிருந்து வேலையை மேற்கொண்டு நடத்துவது அதனினும் உயர்ந்த அஞ்சலி. சீடன் தன் மனோதர்மத்தால் குருவின் பாணியை வளர்ப்பதே மரியாதை என்று நம் பாடாந்தர மரபு கொண்ட கொள்கையும் இதுவே. பிரெஞ்சு ஆட்சியும் தமிழ் மண்ணும் வங்காளத்து இசையறிவும் சந்தித்த இந்நகரில் அக்கொள்கை கட்டை வாத்தியத்தின் வழியாகவும் நிறைவேறியதை, ராக லட்சணம் என்ற ஒரே அளவுகோலால் அளந்து ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. அன்னையின் ஆர்கன் பதிவுகளையும் 1965 முதலான புத்தாண்டு இசையையும் பக்கம் பக்கமாக வைத்து, எந்தக் கரு எங்கே எப்படி விரிந்தது என்று ஸ்வரம் ஸ்வரமாக ஆராயும் பணியைத் தமிழ்நாட்டு இசையறிஞர்கள் மேற்கொள்ளவேண்டும்; நம் காலத்து இசை வரலாற்றில் புதுச்சேரிக்கு உரிய அத்தியாயம் அந்த ஆராய்ச்சியினாலேயே பூர்த்தியாகும்.