வெளியாளுக்கு இங்கே என்ன வேலை?

பஞ்சாலையின் அதிகாரம் மேனேஜர் அறையில்தான் இருக்கிறது என்று நினைப்பவர்கள், காலை ஷிப்டுக்கு முன்னால் கேட்டுப் பக்கம் வந்து நின்றதில்லை. நான் நின்றிருக்கிறேன். டைம் ஆபீஸ் கிளார்க்காக உத்தியோகம் பார்த்தவனுக்கு அதுதான் வேலையே. மில் நெல்லைச் சீமையில் இருந்தது என்பதோடு விட்டுவிடுவோம், பெயர் வேண்டாம்.

பதிலிகள் சுவரோரம் தூக்குச்சட்டியோடு நிற்பார்கள். ஸ்பின்னிங்கில் யார் யார் வரவில்லை என்ற சீட்டு என்னிடமிருந்து போகும். அதை வாங்கிக்கொண்டு, ஆள் எடுக்கிற ஜாபர் வெளியே வருவார். வாயைத் திறக்க மாட்டார். ஒருவனைப் பார்த்து மோவாயை அசைத்தால் அவன் உள்ளே போகலாம். அடுத்தவனைத் தாண்டிப் பார்வை போய்விட்டால் அவனுக்கு அன்று அடுப்பெரியாது.

“அண்ணாச்சி, மூணு நாளா நிக்கேன்.”

“எனக்குத் தெரியாதாடே? இன்னைக்கு ஆள் போதும். நாளைக்குப் பாப்போம்.”

அரை மணி நேரம் கழித்து ஜாபருடைய மைத்துனர் வழி ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்குவார். அவருக்கு இடம் இருக்கும். திரும்பிப் போனவனைப் பற்றி என் பதிவேட்டில் ஒரு எழுத்தும் இருக்காது. நிரந்தரத் தொழிலாளி வராவிட்டால்தான் ஆப்சென்ட். பதிலி கேட்டில் வந்து நின்றதும் கணக்கில்லை, வராததும் கணக்கில்லை. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981இல் சட்டம் வந்தது. அதன் பிறகு டைம் ஆபீசுக்கு மவுசு கூடியது. யாருக்கு எத்தனை நாள் ஆகியிருக்கிறது என்பதை ஜாபர் எங்களிடம் வந்து கேட்டுக்கொள்வார். எண்ணிக்கை எல்லையை நெருங்கிவிட்ட ஆட்களுக்கு மோவாய் அசையாது.

இது எங்கள் மில்லின் கண்டுபிடிப்பு அல்ல. இந்தியாவில் பஞ்சாலை என்று ஒன்று வந்த நாளிலிருந்து ஆள் பிடிப்பவர், வேலை வாங்குபவர், அபராதம் போடச் சொல்பவர், கடன் கொடுப்பவர் எல்லாம் ஒரே ஆள்தான். பம்பாயில் ஜாபர், இங்கே அந்தக் காலத்தில் மேஸ்திரி, மலைத்தோட்டத்தில் கங்காணி. வெள்ளைக்கார மேனேஜருக்குத் தொழிலாளியின் பெயர் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்கு இத்தனை பேர் வேண்டும். மேஸ்திரி கொண்டுவந்து நிறுத்துவார்.

தாமிரபரணிப் பக்கம் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்து இறக்கியவர்கள் ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்ற ஹார்வி சகோதரர்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள். கரிசல் மண்ணின் பருத்தி ‘டின்னவெல்லி’ என்ற பெயரிலேயே லிவர்பூல் வரை விலைபோன காலம் அது. பருத்தியை மூட்டையாக ஏற்றி அனுப்புவதை விட இங்கேயே நூலாக்கினால் என்ன என்று கணக்குப் போட்டார்கள். பாபநாசத்தில் ஆறு மலையை விட்டு விழுந்து இறங்குகிற இடத்தில், அந்த நீர்விசையிலேயே எந்திரம் ஓடும்படி 1880களில் மில் எழும்பியது. அதுதான் விக்கிரமசிங்கபுரத்து மில். 1888இல் தூத்துக்குடியில் கோரல் மில், 1892இல் மதுரையில் இன்னொன்று. தூத்துக்குடித் துறைமுகத்தில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் ஏஜெண்டும் இதே ஏ அண்ட் எஃப் ஹார்விதான். இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொள்ளாமல் 1908இல் தூத்துக்குடியில் நடந்ததைப் படித்தால் பாதிதான் புரியும்.

1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொழும்புப் பாதையில் விட்டபோது, அவர் மோதியது எங்கோ லண்டனில் இருந்த முதலாளியோடு மட்டுமல்ல. உள்ளூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கூலி கொடுக்கிற கையோடும் மோதினார். எனவே அவர் கோரல் மில் தொழிலாளர்களிடம் பேசப் போனது கப்பல் போட்டியில் எதிரியை இடுப்பில் குத்தத்தானே என்று அன்றைக்கே கேட்டார்கள். எனக்கு அதில் சங்கடம் ஒன்றும் தெரியவில்லை. அதுவும்தான். ஒரு மனிதனுக்கு இரண்டு காரணம் இருக்கக் கூடாதா?

மில்லில் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை வேலை. ஆண்களுக்கு நாளொன்றுக்கு இத்தனை மணிதான் என்று அப்போது சட்டமே கிடையாது. பன்னிரண்டு மணி உச்சவரம்பு 1911 சட்டத்தில்தான் வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையை வேலைக்கு எடுக்கச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு 1891 ஆலைச் சட்டத்திலேயே இருந்தது. பதினேழு வருஷம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டும் என்று கோரல் மில்லில் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. நான் சட்டப் புத்தகங்களோடு நிறையப் புழங்கியவன். இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. சட்டம் இருக்கிறது என்று மேனேஜரிடம் போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். மேஸ்திரி சொல்ல மாட்டார், அவர் பிழைப்பே சொல்லாமலிருப்பதில்தான். தொழிலாளி சொன்னால் மறுநாள் கேட்டுக்கு வெளியே.

1908 பிப்ரவரி 27இல் வேலை நின்றது. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, வார விடுமுறை ஆகியவை கோரிக்கைகள். சுப்பிரமணிய சிவா அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஊருக்கு வந்திருந்தார், மேடை அவருடையது. வக்கீலான வ.உ.சி. பணம் திரட்டி, வேலையிழந்தவர்களுக்குப் படியளக்கிற பொறுப்பைப் பார்த்தார். ஊர் அவர்கள் பின்னால் நின்றது. வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர் பாதியிலேயே கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டார் என்ற கதை தூத்துக்குடியில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இதை நம் ஆட்கள் வேடிக்கைக் கதையாகவே சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். வக்கீல் முகத்தில் பாதியை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோக அன்றைக்கு ஒரு நாவிதருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசிப்பவர்கள் குறைவு.

மில் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 6ஆம் தேதி தொழிலாளர்கள் ஐம்பது பேரளவில் மேனேஜரைப் போய்ப் பார்த்தார்கள். கூலி கூடும், நேரம் குறையும், ஞாயிறு விடுமுறை என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஊரிலிருந்த மற்ற வெள்ளைக்காரக் கம்பெனிகளும் வம்பு வேண்டாம் என்று கூலியைக் கூட்டின. ஊரெல்லாம் கூலி உயர்வைத்தான் கொண்டாடியது. நான் பார்ப்பது அந்த ஐம்பது பேரை. மேஸ்திரியைத் தாண்டி, துரையின் எதிரே, ஒரு வெளியாள் காட்டிய தைரியத்தில் போய் நின்றிருக்கிறார்கள். மேஸ்திரிகள் அன்று எங்கே நின்றார்கள் என்று எழுதிவைத்தவர் யாருமில்லை. என் அனுபவத்தில், ஜெயிக்கிற பக்கம் தெரிகிற வரைக்கும் இப்படிப்பட்டவர்களுக்கு உடம்பு சரியிருக்காது.

அடுத்த வாரமே எல்லாம் தலைகீழானது. விபின் சந்திர பாலின் விடுதலையைத் தடையை மீறிக் கொண்டாடிய கையோடு வ.உ.சி., சிவா, அவர்களுடைய தோழர் பத்மநாப ஐயங்கார் மூவரும் மார்ச் 12இல் கைதானார்கள். 13ஆம் தேதி திருநெல்வேலி பற்றியெரிந்தது. நகராட்சி அலுவலகம், தபாலாபீஸ், போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டுக் கட்டடம் எல்லாவற்றிலும் தீ. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள், இந்தத் தடவை கூலிக்காக அல்ல. திலகருக்காகப் பம்பாய் மில்கள் நின்றது அந்த வருஷம் ஜூலையில்தான். தூத்துக்குடி நான்கு மாதம் முந்திக்கொண்டது. கடைசியில் ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது; 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அதற்குள் கப்பல் கம்பெனி முடிந்துபோயிருந்தது.

பத்து வருஷம் கழித்து சென்னையில் தொடங்கிய இதே கதை கோர்ட்டு வரை ஏறியது. பின்னி மில் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரலில் மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானது. அதன் தலைவர் பி.பி. வாடியா மில்லில் ஒரு நாளும் வேலை செய்தவரில்லை, பிரம்மஞான சபைக்காரர். தங்கள் தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறார் என்று பின்னி கம்பெனி வழக்குப் போட, உயர்நீதிமன்றம் அவருக்குத் தடை விதித்தது. வெளியாள் பேசினால் குற்றம் என்று அதற்குப் பொருள். அந்தத் தீர்ப்பு கிளப்பிய அதிர்ச்சியில்தான் தொழிற்சங்கச் சட்டத்துக்கான முயற்சி தொடங்கி, 1926இல் சட்டமாயிற்று. சங்க நிர்வாகிகளில் பாதிப் பேராவது அந்தத் தொழிலில் வேலை செய்பவர்களாக இருக்க வேண்டும் என்றது சட்டம். அதாவது மற்றப் பாதி வெளியாளாக இருக்கலாம். 1908இல் வ.உ.சி. கேட்காமலே எடுத்துக்கொண்ட உரிமையைச் சர்க்கார் பாதியாக நறுக்கிக் கொடுத்தது.

எங்கள் நெல்லை மலைக்கு மேலே இந்தச் சட்டம் ஏறவே ரொம்ப நாளாயிற்று. சிங்கம்பட்டி ஜமீன் தன் மலைக்காட்டில் 8,373 ஏக்கரை 1929இல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. சென்னையில் படித்துக்கொண்டிருந்த சிங்கம்பட்டி வாரிசு ஒரு கொலை வழக்கில் சிக்கி, அந்தச் செலவுக்காகத்தான் மலை கைமாறியது என்று கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். வந்த கம்பெனி லேசுப்பட்டதல்ல. 1885இல் பர்மாவில் தேக்கு மரத் தகராறில் மன்னர் தீபாவோடு மோதி, பிரிட்டிஷார் அந்த நாட்டையே பிடிக்கச் சாக்காக இருந்த கம்பெனி. பின்னாளில் வாடியா குழுமத்தின் கைக்கு வந்தது. மேலே சொன்ன வாடியாவோடு இந்த வாடியாவைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்தக் குத்தகைக் காட்டில்தான் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலை எஸ்டேட்டுகள். கீழே பஞ்சாலையில் ஜாபர் பிடிக்கவில்லையென்றால் தொழிலாளி மறுநாள் வயல் வேலைக்குப் போகலாம். மலையில் அதற்கு வழியில்லை. லைன் வீடு கம்பெனியுடையது, ஆஸ்பத்திரி கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போகும். ரிட்டயர் ஆனவர் வீட்டைக் காலிசெய்துவிட்டு, தான் பிறந்த மலையிலிருந்து இறங்க வேண்டும். அல்லது மகனோ மகளோ செக்ரோல் என்ற ஆள் பட்டியலில் ஏறினால் ஒட்டிக்கொள்ளலாம். கங்காணி என்ற பெயர் மெல்ல உதிர்ந்து சூப்பர்வைசர் வந்தார், 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டுச் சாவி மட்டும் கம்பெனி கையிலேயே இருந்தது. சங்கங்களும் இருந்தன. ஆனால் எல்லாச் சங்கமும் கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தம் தங்களுக்குப் போதவில்லை என்று 1998இல் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தியபோது, அவர்களுக்காகப் பேச வந்தவர் புதிய தமிழகம் கட்சியின் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமி. தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். இது கூலித் தகராறா, சாதி அரசியலா, வெளியாளுக்கு இங்கே என்ன வேலை என்று கேள்விகள் கிளம்பின. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் கேட்ட அதே கேள்வி!

1999 ஜூனில் மறியல் செய்த தொழிலாளர்களில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள், பெண்கள் உட்பட, கைதாகித் திருச்சிச் சிறையில் இருந்தார்கள். அவர்களை விடச் சொல்லியும் கூலிக் கோரிக்கையை வலியுறுத்தியும் ஜூலை 23ஆம் தேதி திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனது. புதிய தமிழகத்தோடு தமாகாவும் இடதுசாரிகளும் சேர்ந்திருந்தார்கள். கொக்கிரகுளத்தில் தாமிரபரணிக் கரையை ஒட்டியிருக்கிறது கலெக்டர் ஆபீஸ். அந்த இடம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் ஆறு, நடுவில் ஒதுங்க இடமில்லை. யார் உள்ளே போகலாம், எப்படிப் போகலாம் என்பதில் வாக்குவாதம் முற்றியது. தடியடி தொடங்கியது. ஜனங்கள் ஆற்றில் இறங்கி ஓடினார்கள். பதினேழு பேர் இறந்தார்கள். அதில் ஒன்றரை வயதுக் குழந்தை விக்னேஷும் ஒருவன். ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த ‘ஒரு நதியின் மரணம்’ ஆவணப்படத்தைப் பார்த்தவர்கள் அந்தக் கரையைக் கடக்கும்போது ஒரு கணம் நிற்கத்தான் செய்கிறார்கள்.

மனு கொடுக்கப் போன கூட்டம் அது. 1908இல் ஐம்பது பேர் மேனேஜர் அறை வரைக்கும் போய்ச் சேர முடிந்தது. சுதந்திர இந்தியாவில் கலெக்டர் ஆபீஸ் வாசல் வரைக்கும்கூட இவர்களால் போய்ச் சேர முடியவில்லை. நிர்வாகத்தோடு பேச வேண்டிய விஷயத்துக்கு ஏன் கலெக்டரிடம் போக வேண்டும் என்று என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்போது கேட்டார். கம்பெனி பேச மறுத்தால் பிறகு யாரிடம் போவது என்று திருப்பிக் கேட்டேன். “அதுக்கு லேபர் ஆபீசர் இருக்காரே வே” என்றார். இருக்கிறார்தான்.

மலையின் குத்தகை முடிவது 2028இல். அதற்கு முன்னரே 2024 ஜூனில் கம்பெனி எல்லோருக்கும் விருப்ப ஓய்வுப் படிவத்தை நீட்டியது. பணத்தில் கொஞ்சம் கையெழுத்துப் போட்டதும் கிடைக்கும், பெரும்பகுதி வீட்டைக் காலிசெய்த பிறகுதான் என்றார்கள். மலையைப் புலிகள் காப்பகம் சூழ்ந்திருக்கிறது; இருந்தாலும் தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ ஏற்று நடத்தட்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள். நான்கு தலைமுறையாக அந்த லைனில் பிறந்து வளர்ந்தவர்கள் அந்த மனுக்களில் எழுதியதில் முக்கியமானது கூலி அல்ல. இனி எங்களை எங்கே குடிவைப்பீர்கள், அதை முடிவுசெய்யும்போது எங்களைக் கூப்பிட்டுப் பேசுவீர்களா என்பதுதான்.