ஹார்வர்டு பழைய மாணவர்கள் தந்த பாடம்

பழைய மாணவர்கள் கூடினால் என்ன பேசுவோம்? முதலில் வாத்தியார்கள், அப்புறம் ஹாஸ்டல் மெஸ், கடைசியில் சுகர், பிரஷர்! நடுவில் ஒருவர், "அந்தக் காலத்துல நான் எப்படி ஓடுவேன் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். அன்று ஓடிய ஓட்டம் இன்று உயிரைக் காக்குமா? இதற்கு விடை சொன்னதே ஒரு கல்லூரியின் பழைய மாணவர் பட்டியல்தான்.

அமெரிக்காவில் டாக்டர் ரால்ஃப் பாஃபன்பார்கர் என்றொரு ஆராய்ச்சியாளர் இருந்தார். ஹார்வர்டில் 1916 முதல் 1950 வரை சேர்ந்த மாணவர்களின் மருத்துவக் குறிப்புகள் கல்லூரியில் பத்திரமாக இருந்தன. அவர்களுடைய விலாசமும், மறைந்தவர்கள் விவரமும் பழைய மாணவர் அலுவலகத்தில் இருந்தன. 1960-களில் அவர்களுக்குத் தபாலில் கேள்வித்தாள் போயிற்று. எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்? எத்தனை மாடிப்படி ஏறுகிறீர்கள்? என்ன விளையாடுகிறீர்கள்? சிகரெட் உண்டா?

1978-ல் வந்த முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. கல்லூரியில் பெரிய வீரராக இருந்து, பிறகு நாற்காலியோடு ஒட்டிக்கொண்டவருக்குப் பழைய கோப்பைகள் கைகொடுக்கவில்லை. படிக்கும்போது மைதானத்தை எட்டிப் பார்க்காமல், பின்னாளில் உடற்பயிற்சியைப் பழக்கமாக்கிக்கொண்டவருக்கோ மாரடைப்பு குறைவாக இருந்தது.

1986-ல் 16,936 ஆண்களின் கணக்கு வெளியாயிற்று. நடை, படி, விளையாட்டு என்று வாரம் 2,000 கலோரியோ அதற்கு மேலோ செலவிட்டவர்களிடம் மரண விகிதம் மற்றவர்களைவிடக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவு.

"இனிமே ஆரம்பிச்சு என்னப்பா ஆகப்போகுது?" என்பவர்களுக்கு 1993-ல் பதில் வந்தது. 1977-ல் 45 முதல் 84 வயது வரை இருந்தவர்களைப் பார்த்தார்கள். ஓரளவு கடுமையான விளையாட்டைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு மரண அபாயம், தொடங்காதவர்களைவிட 23 சதவீதம் குறைவு. சிகரெட்டை விட்டவர்களுக்கு, விடாதவர்களைவிட 41 சதவீதம் குறைவு.

'ஆரோக்கியமாக இருப்பவர்தானே ஓடுவார்?' என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம், இத்தகைய கணக்கெடுப்பால் மட்டும் அதை முழுவதும் தீர்த்துவிட முடியாது. ஆனால் டாக்டர் தன் கணக்கைத் தானே நம்பினார். நாற்பது வயதைத் தாண்டிய பின் ஓட ஆரம்பித்து, பாஸ்டன் மாரத்தானில் பலமுறை ஓடி, 2007-ல் 84 வயதில் காலமானார்.

மாணவத் தம்பி தங்கைகளே, இன்று வாங்கும் கோப்பை நாற்பது வருஷம் தாங்காது, பழக்கம்தான் தாங்கும். சக நண்பர்களே, சங்கத்திலிருந்து விலாசப் படிவம் வந்தால் அலட்சியம் பண்ணாமல் நிரப்பி அனுப்புங்கள். அதைத் தபாலில் போட நடந்தே போங்கள்!